ஏழாம் மேஜை மனைவி

மணி அடித்தது. ஹாலில் இருந்த பன்னிரண்டு மேஜைகளிலும் பேச்சு நின்றது. விற்பனைக்காரர்கள் எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். யாரோ ஒரு புருஷன் பெண்டாட்டி கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். தம்பியும் தட்டினான். நமக்குத்தான் யாரும் தட்டப் போவதில்லை, நாமாவது யாருக்காவது தட்டி வைப்போம் என்ற நினைப்பு.

தம்பிக்கு நாற்பத்து மூன்று வயது. துப்பறியும் துருவியின் உடன்பிறந்தவன், பன்னிரண்டு வருஷமாக அவளுடைய உதவியாளன். அவள் 'தம்பி' என்று கூப்பிடப் போய், போலீஸ் ஸ்டேஷன் ஏட்டிலிருந்து பால்காரர் வரை எல்லாருக்கும் அவன் தம்பியாகிப் போனான். துருவித் துருவிக் கேட்பதால் அவளுக்குத் துருவி என்று பெயர். அது பட்டம். அவனுக்குக் கிடைத்தது வெறும் உறவுமுறை. இன்று காலையில்கூட, இந்த வழக்குக்காக அவர்களை வரவழைத்த கம்பெனி மேனேஜர் ஃபோனில் யாரிடமோ, "மேடம் வந்துட்டாங்க, கூட ஒருத்தர் வந்திருக்கார்" என்றார். அந்த 'ஒருத்தர்' அவனை இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

போதாததற்கு, இப்போது அவன் அக்காவுக்கே புருஷனாக நடித்துக்கொண்டிருந்தான். இங்கே ஜோடியாக வந்தால்தான் உள்ளே விடுவார்கள். மலையில் ஒரு சொகுசு பங்களா. அதில் ஓர் அறை, வருஷத்துக்கு ஒரு வாரம், இருபத்தைந்து வருஷத்துக்கு உங்களுடையது. அதைத் தவணை முறையில் விற்கிறார்கள். டைம்ஷேர் என்று பெயர். குலுக்கலில் உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, வீட்டுக்காரரோடு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஃபோன் வரும். தனியாக வருகிறவன், 'வீட்டுல கேட்டுச் சொல்றேன்' என்று நழுவிவிடுவான் அல்லவா, அதனால்தான் ஜோடி.

வழக்கு இதுதான். இரண்டு மாதத்தில் ஏழாம் மேஜையில் கையெழுத்துப் போட்டவர்களில் பதினொரு ஜோடிகள் ரத்து செய்துவிட்டார்கள். பத்து நாளுக்குள் ரத்து செய்துகொள்ளலாம் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு. அதை எவரும் படிப்பதில்லை. யாரோ ஒரு பெண் ஃபோனில் கூப்பிட்டு அதைப் படித்துக் காட்டுகிறாள். அது எட்டாம் மேஜையில் விற்கிற, டீச்சர் என்று எல்லாரும் கூப்பிடும் பெண்தான் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். நாலு வருஷம் முதல் இடத்தில் இருந்தவள், ஏழாம் மேஜைக்காரர் வந்தபின் இரண்டாம் இடத்துக்கு இறங்கியவள். சாயங்காலம் ஐந்து மணிக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவளை வெளியே அனுப்பப் போகிறார்.

"ஆதாரம் கிடைக்கலேன்னா?" என்று துருவி கேட்டிருந்தாள்.

"அப்பவும் அனுப்பிடுவேன் மேடம். ஆதாரம் இருந்தா மனசுக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்."

ஏழாம் மேஜைக்காரர் அவர்கள் எதிரில் வந்து உட்கார்ந்தார். ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது அந்த மணியை அடிக்கிறவர் என்பதால் அவருக்கு மணிக்காரர் என்று பெயர். உட்கார்ந்ததுமே பத்து வருஷப் பழக்கம் போல ஆகிவிட்டார்.

"கடைசியா ரெண்டு பேரும் ஒண்ணா எங்க சார் போனீங்க?"

"பல் டாக்டர்கிட்ட," என்றான் தம்பி. "எனக்குப் பிடுங்கினாங்க, அக்கா வேடிக்கை பார்த்தாங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். மணிக்காரர் கண்கூட இமைக்கவில்லை.

"அக்கான்னு கூப்பிடுறீங்களா? எவ்வளவு மரியாதை பாருங்க. இந்தக் காலத்துல எந்தப் புருஷன் சார் அப்படிக் கூப்பிடுறான்?"

இவர் கல்லுக்கும் காது குத்துவார் என்று தம்பி நினைத்துக்கொண்டான். துருவி ஆளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளைப் பார்க்கிற வேலை எப்போதும் அவளுக்கு என்பதால், தம்பி முறைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். மணிக்காரரின் முதுகுக்குப் பின்னால் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. கட்டில், நீலப் போர்வை, திறந்த ஜன்னல், அதற்கு அப்பால் அருவி, ஜன்னல் விளிம்பில் ஆவி பறக்கும் கோப்பை.

மணிக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"நான் விக்கறவனா பேசல சார். என் வீட்டுக்காரியைப் பத்திச் சொல்றேன். கல்யாணமாகி பதினாறு வருஷம். அவ ஒரு நாள்கூட எனக்கு முன்னாடி தூங்கினதில்ல, எனக்குப் பின்னாடி எழுந்ததில்ல. அங்க கூட்டிட்டுப் போனேன். காலைல எட்டு மணி. நீலப் போர்வைய இழுத்துப் போர்த்திட்டு, ஜன்னலுக்கு வெளிய அருவிச் சத்தத்துல, குழந்தை மாதிரி தூங்கறா. நானே போய் காபி போட்டேன் சார். எனக்குக் காபி போடத் தெரியாது. சர்க்கரை போட மறந்துட்டேன். அவ ஒரு வார்த்தை சொல்லல. முழுசும் குடிச்சிட்டு, என்னைப் பார்த்துச் சிரிச்சா. அந்தச் சிரிப்பை நான் பதினாறு வருஷமா பார்த்ததில்ல."

பல் டாக்டரைத் தவிர எங்கேயும் கூட்டிப் போகாத பாவி ஆகிவிட்டோமே என்று தம்பி, இல்லாத மனைவிக்காக வருத்தப்பட்டான்.

"உங்க வீட்டம்மா கொடுத்து வச்சவங்க," என்றாள் துருவி.

மணிக்காரர் தலையைக் குனிந்து சிரித்தார். "எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க மேடம்."

யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். இன்றைய விலை இன்றைக்கு மட்டும்தான் என்று மணிக்காரர் வாசல் வரை கூடவே வந்தார்.

*

டீ அறையில் டீச்சர் தனியாக நின்று கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். முன்பு நிஜமாகவே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். துருவி தான் யார் என்பதை மறைக்காமல் சொன்னாள்.

"என் மேலதான் சந்தேகம்னு தெரியும்," என்றாள் டீச்சர். "பொறாமை இருக்கான்னு கேளுங்க. இருக்கு. வயிறு எரியுது. நாலு வருஷம் நான் அடிச்ச மணி அது. இப்ப அவர் அடிக்க, நான் எழுந்து நின்னு கை தட்டறேன். தட்டலேன்னா அதுக்கு ஒரு நோட்டீஸ்."

"அப்ப ஃபோன் பண்ணது நீங்க இல்லையா?"

"யார் நம்பரை வச்சுப் பண்ணுவேன்? கையெழுத்து ஆனதும் ஃபைல் வித்தவர் கைக்குப் போயிடும். மூணாம் நாள் அவர்தான் வாழ்த்து அழைப்பு பண்ணணும். வாங்கினவங்க மனசு மாறாம இருக்க. அச்சடிச்ச தாள் ஒண்ணு உண்டு, அதைப் பார்த்து வார்த்தை மாறாம படிக்கணும்." டீச்சர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒப்பித்தாள். "'வணக்கம். எங்கள் விடுமுறைக் குடும்பத்தில் நீங்களும் ஒருவர். எங்கள் பிரதிநிதி பேசியதில் உங்கள் மனதைத் தொட்டது எது?' நம்பர் தெரியாம மறைச்சுப் பேசணும். இல்லேன்னா திரும்பக் கூப்பிட்டுருவாங்க."

"மணிக்காரர் ஒழுங்கா அந்த அழைப்பெல்லாம் பண்றாரா?"

"தாள் எல்லாம் நிரப்பி வந்துடுது. எப்பப் பண்றாருன்னு தெரியல. எனக்கே நேரம் பத்தல."

"அவர் சொல்ற அருவிக் கதை தெரியுமா?" என்று கேட்டான் தம்பி.

"மனப்பாடம். அடுத்த மேஜைல உட்கார்ந்து தினம் நாலு தடவை கேட்கறேன். அதைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போனா, என் வீட்டுக்காரர் மூஞ்சியைப் பார்த்தாலே எரிச்சலா வருது. நமக்கு இப்படி ஒருத்தர் வாய்க்கலியேன்னு." டீச்சர் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "நான் இன்னும் அந்த பங்களாவைக் கண்ணால பார்த்ததில்ல. லீவு விக்கறவங்களுக்கு ஏதுங்க லீவு?"

வெளியே வந்ததும் தம்பி சொன்னான், "இவங்க இல்லக்கா. நிஜமா குழி பறிக்கறவன் பொறாமையை இவ்வளவு பளிச்சுன்னு காட்ட மாட்டான். உள்ளேயே வச்சுப் புழுங்குவான்."

"அனுபவமா?"

"கேள்விப்பட்டேன்," என்றான் தம்பி.

*

ரத்து செய்தவர்களில் ஒருவர் பக்கத்துத் தெருவிலேயே இருந்தார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மாடிப்படியின் கீழே இருந்த சின்ன வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான்.

"கம்பெனிலேர்ந்துதான் பேசினாங்க," என்றார் கண்டக்டர். "ஒரு பொம்பளை. 'எங்கள் விடுமுறைக் குடும்பத்தில் நீங்களும் ஒருவர்'னு ரேடியோவுல நியூஸ் வாசிக்கற மாதிரி ஆரம்பிச்சாங்க."

தம்பியும் துருவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வார்த்தை மாறவில்லை. அப்படியானால் அந்தத் தாள் அவள் கையில் இருக்கிறது.

"என்கிட்ட குடுன்னு நான்தான் ஃபோனை வாங்கிப் பேசினேன்," என்றாள் அவர் மனைவி. "மனசைத் தொட்டது எதுன்னு கேட்டாங்க. அவர் சம்சாரத்துக்குக் காபி போட்டுக் கொடுத்தாரே, அதுதான்னு சொன்னேன். அருவி, நீலப் போர்வை எல்லாத்தையும் சொன்னேன். அந்த அம்மா கொடுத்து வச்சவங்கன்னு சொன்னேன். அப்புறம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. குக்கர் விசில் மட்டும் மூணு தடவை கேட்டுச்சு."

"குக்கரா?"

"ஆமா. அப்புறம் அவங்க குரலே மாறிப் போச்சு. 'அம்மா, கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கறதைப் படிங்க, உடனே ரத்து பண்ணிடுங்க'ன்னு சொல்லி வச்சுட்டாங்க."

காரில் உட்கார்ந்து துருவி மற்ற ஜோடிகளைக் கூப்பிட்டாள். ரத்து செய்தவர்கள் எல்லாரும் அருவிக் கதைதான் பிடித்தது என்று அந்தக் குரலிடம் சொல்லியிருந்தார்கள். ரத்து செய்யாதவர்களில் நாலு பேரிடம் கேட்டதில், அவர்களையும் அதே குரல்தான் கூப்பிட்டிருந்தது. நீச்சல் குளம் பிடித்தது என்றவர்களுக்கும், வட்டி குறைவு என்றவர்களுக்கும் நன்றி சொல்லி வைத்துவிட்டிருந்தாள்.

"கம்பெனியில குக்கர் கிடையாது," என்றாள் துருவி. "யாரோ வீட்டுலேர்ந்து கூப்பிடுறாங்க. யாரா இருக்கும்?"

வழக்கமாக இந்த இடத்தில் அவளே பதில் சொல்லிவிடுவாள், தம்பி தலையாட்டுவான். இன்று அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பிக்கு அந்தக் குரலின் வலி எங்கேயோ தெரிந்த வலியாக இருந்தது.

"மணிக்காரருக்கு நேரம் இல்ல. வீட்டுல இருக்கறவங்ககிட்ட தாளைக் கொடுத்துப் பேசச் சொல்லியிருக்கார்," என்றான் மெதுவாக. "அவர் வேலையை அவங்க சும்மா செய்யறாங்க. செய்யச் செய்ய, பாராட்டு எல்லாம் வேற யாருக்கோ போகுது. அதையும் அவங்க காதுலேயே வந்து சொல்றாங்க. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்க்கா. நீ துப்புக் கண்டுபிடிச்சேன்னு என்கிட்டயே வந்து உன்னைப் புகழுவாங்க பாரு, அந்த மாதிரி."

துருவி அவன் பக்கம் திரும்பினாள். "இத்தனை வருஷம் ஏண்டா சொல்லல?"

"கேஸ் எதுவும் அமையல," என்றான் தம்பி. "வண்டியை எடு."

*

மணிக்காரரின் வீடு மூன்றாவது மாடியில். கதவைத் திறந்தவளிடம் துருவி யாரென்று சொன்னதும், அவள் ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டாள். சாப்பாட்டு மேஜை மேல் ஃபோன், ஒரு பேனா, கேள்விகள் அச்சடித்த தாள்கள். சமையலறையில் குக்கர். இத்தனை சுலபமான வீட்டை தம்பி இதுவரை சோதனை போட்டதில்லை.

"நான்தான் பண்ணேன்," என்றாள் அவள். "முதல்ல ஒருத்தங்க 'அவர் மனைவி கொடுத்து வச்சவங்க'ன்னப்ப எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்தது. பரவாயில்லையே, வெளிய என்னைப் பத்திப் பேசறாரேன்னு. அப்புறம் அருவின்னாங்க. நீலப் போர்வைன்னாங்க. நான் எந்த அருவியையும் பார்த்ததில்ல. இந்த ஊர் எல்லையைத் தாண்டியே அஞ்சு வருஷமாச்சு."

"உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்கலியா?"

"கேட்டா பதில் சொல்வார். எதுக்கும் பதில் சொல்றதுதானே அவர் வேலை." அவள் தாள்களை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். "பதினோரு பேர். ஒவ்வொருத்தரும் அவளைப் பத்திச் சொல்லச் சொல்ல எனக்குப் பத்திக்கிட்டு வரும். எட்டு மணி வரைக்கும் தூங்கறாளாம். இவர் காபி போட்டுக் கொடுக்கறாராம். எனக்கு ஜுரம் வந்தப்பகூட இவர் அடுப்பைப் பத்த வச்சதில்ல. அவ யாருன்னு தெரியல. ஆனா அவ பேரைச் சொல்லி ஒரு அறைகூட வித்துடக் கூடாதுன்னு நினைச்சேன்."

துருவி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "அம்மா, உங்க வீட்டுக்காரர் யாரையோ அங்க கூட்டிட்டுப் போயிருக்கார். அது யாருன்னு நாங்க—"

"இல்லக்கா," என்றான் தம்பி.

பன்னிரண்டு வருஷத்தில் அவள் பேச்சை அவன் மறித்தது இதுதான் முதல் தடவை. அவனுக்கே கொஞ்சம் வேர்த்தது.

"அப்படி ஒருத்தி இல்லவே இல்ல. நீ ஆளைப் பார்த்துட்டிருந்தே, நான் சுவத்தைப் பார்த்துட்டிருந்தேன். கட்டில், நீலப் போர்வை, ஜன்னல், அருவி, கோப்பை. எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னாடி மாட்டியிருக்கற படத்துல இருக்கு. அந்தப் படத்தைத்தான் கதையா சொல்றார். டீச்சர் சொன்னாங்களே, லீவு விக்கறவங்களுக்கு லீவு கிடையாதுன்னு. அவரும் அங்க போனதில்ல. அந்தக் கட்டில்ல அவர் படுக்க வச்சது உங்களைத்தாங்க. பதினாறு வருஷம், முன்னாடி தூங்காதவ, பின்னாடி எழுந்திருக்காதவ. எல்லாம் நீங்கதான்."

தம்பி நிறுத்தினான். அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தான். கெட்டிக்காரத் தம்பி என்று யாராவது சொல்லும் நேரம் இது என்றும் நினைத்தான். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"அப்படின்னா, அவருக்குத் தெரியுமா?" என்றாள். "நான் எப்பத் தூங்கறேன், எப்ப எழுந்திருக்கறேன்னு அவருக்குத் தெரியுமா? நான் சிரிச்சு எத்தனை வருஷமாச்சுங்கறதுகூடவா? எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, ஊருக்கெல்லாம் விக்கறாரா?"

அவள் மேஜை மேலிருந்த தாள்களைத் தள்ளிவிட்டாள்.

"வேற ஒருத்தியா இருந்தா அவ தலைமுடியைப் பிடிச்சிருப்பேன். நானே அவளா இருந்தா, யார்கிட்ட போய்ச் சண்டை போடுவேன்?"

துருவி கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு இருபது. "ஒண்ணு மட்டும் சொல்லணும்மா. நீங்க பண்ணதுக்காக இன்னொரு பொம்பளையை அஞ்சு மணிக்கு வேலையை விட்டு அனுப்பப் போறாங்க."

அவள் எழுந்து போய் குக்கரை அணைத்தாள். முகம் கழுவினாள். தாள்களை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

*

ஐந்து மணிக் கூட்டம் தொடங்கியிருந்தது. கடைசி ஜோடி ஒன்று மட்டும் மூன்றாம் மேஜையில் இன்னும் மாட்டிக்கொண்டிருந்தது. மற்ற விற்பனைக்காரர்கள் அரைவட்டமாக நிற்க, மேனேஜர் டீச்சரின் பெயர் அட்டையைக் கழற்றச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் அட்டையின் ஊசியோடு போராடிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் நின்றதே தவிர விழவில்லை.

"அவங்க இல்ல சார். நான்," என்று ஒரு குரல் கேட்டது.

மேனேஜர் திரும்பினார். "யாரும்மா நீங்க?"

"ஏழாம் மேஜைல தினம் சொல்ற கதையில வர்றவ."

அவள் பையிலிருந்த தாள்களை மேனேஜர் கையில் திணித்துவிட்டு, நேரே ஏழாம் மேஜைக்குப் போய், வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மணிக்காரரின் முகம் வெளிறிப் போனது. மேனேஜர் தாள்களைப் புரட்டினார், புரிந்துகொண்டார், டீச்சரை நோக்கி நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். டீச்சர் ஊசியை மறுபடி குத்திக்கொண்டாள்.

"மேடம், எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார் மேனேஜர் தணிந்த குரலில்.

"நான் இல்ல. இவன்," என்றாள் துருவி. "நான் தப்பா நினைச்சேன்."

பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. ஆனால் அந்த நேரத்தில் தம்பியின் கண் ஏழாம் மேஜையை விட்டு நகரவில்லை.

"உட்காருங்க," என்றாள் அவள் புருஷனிடம். "எனக்கும் அந்தக் கதையைச் சொல்லுங்க. எல்லாருக்கும் சொன்னீங்க, எனக்கு மட்டும்தான் சொல்லல."

மணிக்காரர் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். "என் வீட்டுக்காரி..." என்று அவரையும் அறியாமல் பழகின இடத்தில் தொடங்கி, அங்கேயே நின்றுவிட்டார்.

அவள் அவருக்குப் பின்னால் இருந்த படத்தை நிதானமாகப் பார்த்தாள். போர்வை, ஜன்னல், அருவி, கோப்பை.

"நல்ல இடம்தான்," என்றாள். "காபில சர்க்கரை போட மறந்துட்டீங்களாமே. அது மட்டும் படத்துல இல்ல, உங்க சொந்தச் சரக்கு. ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். நம்ம வீட்டுல சர்க்கரை எந்த டப்பால இருக்கு?"

வட்டி அதிகம் என்றவர்களுக்கும், வீட்டில் கேட்க வேண்டும் என்றவர்களுக்கும், பையனுக்குப் பரீட்சை என்றவர்களுக்கும் நொடியில் பதில் வைத்திருந்த மனிதர். தம்பி அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அசைந்தது, வார்த்தை வரவில்லை.

மூன்றாம் மேஜையில் மணி அடித்தது. கூட்டமோ கலவரமோ, மணி அடித்தால் தட்ட வேண்டும் என்பது சட்டம். பழக்க தோஷத்தில் எல்லாரும் தட்டினார்கள். டீச்சர் தட்டினாள், மேனேஜர் தட்டினார். மணிக்காரர் மட்டும் கையை மேஜை மேல் வைத்தபடி இருந்தார்.

சத்தம் அடங்கும் வரை அவள் காத்திருந்தாள். பிறகு எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பத்து நாள் டைம் இருக்கு," என்றாள். "அதுக்குள்ள எந்த டப்பான்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க. ரத்து பண்றது எப்படின்னு நான் பதினோரு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன்."